ஐஸ் பெட்டிக்கு அடியில் பதினான்கு பாட்டில்

சித்திரை மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். தவறிய அழைப்புகள் பதினொன்று. அத்தனையும் பியூலாவின் எண்ணிலிருந்து. விடுப்பில் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போயிருப்பவர் விடியற்காலையில் இத்தனை தடவை கூப்பிட்டால் ஆலையில் ஏதோ டேங்க் பிரச்சினை என்றுதான் எனக்குத் தோன்றும். திரும்ப அழைத்தேன். வேறொரு பெண் குரல் எடுத்தது. "பியூலா இல்ல தம்பி" என்றது. வெளியே போயிருக்கிறார்களா என்று கேட்டேன். பின்னால் யாரோ ஓங்கி அழுவது கேட்டது. பிறகு அந்தப் பெண், "கடைசியா ஒங்ககிட்டதான் பேசிருக்கா, அதான் ஒங்களுக்கு மொதல்ல போட்டோம்" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முந்தின நாள் சாயங்காலம் தலைவலி என்று படுத்திருக்கிறார். வாந்தி எடுக்கவும் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றாராம். அவ்வளவுதான். வயது முப்பத்தெட்டு. ஒரு நோய் கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது. போனை வைத்ததும் நான் முதலில் செய்தது என் தலையைத் தொட்டுப் பார்த்தது. இதைச் சொல்ல வெட்கமாக இல்லை. உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

பெங்களூரில் நம் பீர் ஆலையில் அவரோடு உட்கார்ந்து ருசி பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை அக்கா என்று நான் அழைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒருமுறை அழைத்துவிட்டு, போதும் போதும் என்றாகிவிட்டது. வயதைச் சொல்லிக் காட்டுகிறாயா என்று நாள் முழுக்கத் துளைத்தார். அதே வாரம் ருசி அறையில் ஒரு கோதுமை பீரைக் கொடுத்து என்ன தெரிகிறது என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். "நல்லா இருக்குன்னு சொல்லுததுக்கு ஒனக்கு எதுக்குலே சம்பளம்? எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல நிக்கவன் ஓசியிலயே சொல்லுவான்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம். நான் நுண்ணுயிரியல் படித்தவன், நாக்கை நம்பி வந்தவனில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வார்த்தையை அந்த அறையில் நான் சொன்னதில்லை. யாரையும் சொல்லவிட்டதுமில்லை.

எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை உங்களுக்குத் தெரியும். புளிப்பு பீரில் பிச்சிப்பூ போட வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் டிபன் பாக்ஸில் பூவைக் கொண்டுவந்து நேராக டேங்க் அறைக்குள் நுழையப் பார்த்தார். வாசலிலேயே மறித்தேன். பச்சைப் பூவில் என்னென்ன காட்டு ஈஸ்ட் இருக்கும், அது ஒரு குழாய்க்குள் புகுந்தால் எத்தனை டேங்க்கைக் கொட்ட வேண்டியிருக்கும் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் அசரவில்லை. "அந்த ஈஸ்ட்டும் எங்க ஊருதான்வே. வந்து பாத்துட்டுப் போட்டும்" என்றார். உள்ளே விடவில்லை. இப்போதும் விடமாட்டேன். விதி சரியான விதி.

அதனால்தான் அவர் அதை வீட்டில் செய்தார். ஐந்து லிட்டர் கேனில் புளிப்பு பீரை ஊருக்குக் கொண்டுபோய், வாசுதேவநல்லூர் மாம்பழச் சாறு, புளியங்குடி எலுமிச்சைத் தோல், சந்தையில் அன்று காலை வாங்கிய பிச்சி மூன்றையும் சேர்த்து, பதினான்கு சின்ன பாட்டில்களில் அடைத்து மூடி போட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் வீட்டில் இப்படிச் செய்வது குற்றம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இறப்பதற்கு முந்தின நாள் எனக்குப் படம் அனுப்பினார். ஃப்ரிட்ஜில் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பாட்டில்கள். மாம்பழத்தில் சர்க்கரை இருக்கிறது, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, வெளியே எடுத்தால் வெடிக்கும் என்று உடனே பதில் போட்டேன். குரல் செய்தி வந்தது. "ஃப்ரிட்ஜ விட்டு எடுத்தாத்தானலே? திங்கக்கிழமை ஐஸ்ல வச்சுக் கொண்டாரேன். வாயக் கழுவிட்டு உக்காந்திரு."

மதுரை வரை விமானம், அங்கிருந்து ராஜபாளையம் வழியாகப் பஸ். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி இருக்கும். வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து அவர் தம்பி வர வேண்டும் என்பதால் அடக்கம் மறுநாள். ஹாலின் நடுவில் ஐஸ் பெட்டி, அதற்குள் பியூலா. சுற்றிலும் இருபது பெண்களாவது தரையில் உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்தபடி அவர் அம்மா. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லாருக்கும் டீச்சர். கண்ணாடிக்குள் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுதமாட்டேன்.

தண்ணீர் கேட்டு அடுக்களைக்குப் போனேன். காலையில் போனில் பேசியவர், பியூலாவின் பெரியம்மா, அங்கே இருந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். மேலிருந்து கீழ் வரை பால் பாக்கெட். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காப்பி போடுவதற்காகப் பக்கத்து வீடுகளில் வாங்கி அடுக்கியிருந்தார்கள். ஒரு பாட்டில்கூட இல்லை.

இதில் இருந்த பாட்டில்கள் எங்கே என்று கேட்டேன்.

"அந்த ஜூஸா? பாலு வைக்க எடமில்லன்னு காலையிலயே எடுத்தாச்சு. நடந்துபோற இடத்துல கெடக்க வேண்டாம்னு ஐஸ் பெட்டிக்கு அடியில தள்ளி வச்சிருக்கோம். ஒண்ணு குடிக்கியளா, எடுத்துட்டு வரட்டா?"

வேண்டாம் என்றேன்.

பியூலா ஜூஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்றுதான் அந்த வீட்டில் சொல்லியிருந்தது. சபையில் பெரிய குடும்பம். அதனால் பாட்டிலில் இருப்பது என்ன என்று அங்கே வாய் திறக்க முடியாது. திறக்காமலும் இருக்க முடியாது. ஐஸ் பெட்டி உள்ளே குளிர்விக்கும், அந்தச் சூட்டையெல்லாம் அடியில் இருக்கும் கம்ப்ரசர் வழியாக வெளியே தள்ளும். சுற்றி வெள்ளைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே அடைந்த சூடு அப்படியே நிற்கும். நாலு டிகிரியில் அமைதியாகக் கிடந்த வாயு நாற்பதில் மூன்று மடங்குக்கு மேல் அழுத்தும். அதோடு விடிந்ததிலிருந்து ஈஸ்ட் வேறு மாம்பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆலையில் ஒரு பாட்டில் வெடித்து, அதன் சில்லு கதவுப் பலகையில் குத்தி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அதன் பக்கத்தில் டீச்சரின் தலை இருந்தது.

ஹாலுக்குப் போய் மண்டியிட்டுத் துணியைத் தூக்கினேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள். பாட்டில்கள் கம்ப்ரசர் சல்லடைக்கு நேர் எதிரே நின்றன. ஒன்றைத் தொட்டேன். டீ கிளாஸ் மாதிரி சுட்டது. மூடிகள் மேல்நோக்கிப் புடைத்திருந்தன. ஏதோ ஒன்றிலிருந்து மெல்லிய சீறல் வந்துகொண்டிருந்தது. துணியைக் கீழே விட்டேன். ஓடிவிடலாம் என்று தோன்றியது.

எழுந்து, பெட்டியில் கரண்ட் கசிகிறது, எல்லாரும் உடனே வெளியே போங்கள் என்றேன். பாட்டு நின்றது. ஒரு நிமிடத்தில் ஹால் காலி. டீச்சர் மட்டும் அசையவில்லை.

"கசிஞ்சாக் கசியட்டும்" என்றார்.

பெரியம்மா வாசலில் நின்று கெஞ்சினார். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குனிந்து அவர் காதருகே, "டீச்சர், அடியில இருக்கது பியூலா செஞ்சது. வெடிக்கும்" என்றேன். என்ன அது என்று அவர் கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். கையை நீட்டினார், தூக்கிவிட்டேன். வாசல் வரை நடத்திக் கொண்டுபோய் விட்டேன்.

குளியலறையில் ஊறிக்கிடந்த ஒரு ஜமுக்காளத்தை இழுத்துவந்து துணிக்கு அடியில் தள்ளிப் பாட்டில்கள் மேல் போர்த்திக்கொண்டிருக்கும்போதே ஒன்று வெடித்தது. பெரிய சத்தம் இல்லை, டப் என்று அடங்கிய சத்தம். ஜமுக்காளம் ஒரு முழம் எம்பி விழுந்தது. என் மணிக்கட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தது வாசம். அந்த ஹாலில் சாம்பிராணி, வியர்வை, ரோஜா மாலை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பிச்சியும் மாம்பழமும் எழுந்து நின்றன.

"பூ மணக்குதே" என்றார் வாசலிலிருந்து ஒரு பெண். இன்னொருவர், நல்ல ஆத்துமா போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார். சிலர் அழ ஆரம்பித்தார்கள். டீச்சர், "மாலை மேல வெயில் படுதுல்லா, மணக்கத்தான் செய்யும்" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

மிச்சம் பதின்மூன்றையும் ஈர ஜமுக்காளத்தோடு சுருட்டி நெஞ்சோடு அணைத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். இருபது அடி இருக்கும். என் வாழ்க்கையில் அத்தனை மெதுவாக நான் நடந்ததில்லை. துணி துவைக்கும் தொட்டிக்குள் இறக்கி, துண்டைப் போர்த்தி ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொன்றும் முழுசாகப் பொங்கி என் முகத்தில் அடித்துக் காலியானது. பியூலா ஒரு வருடம் யோசித்துச் செய்தது என் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. கடைசி ஒன்றின் அடியில் மட்டும் அரை டம்ளர் நின்றது.

நிமிர்ந்தால் டீச்சர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. அவ என்கிட்ட மறைக்கல. ஊருக்குத்தான் ஜூஸு" என்றார். தொட்டியைக் காட்டி, "வெடிச்சிருச்சுன்னுதான் டாக்டரும் சொன்னாரு. நேத்து மத்தியானம் கேன்ல மிச்சம் கெடந்தத ருசி பாத்தா. இதக் குடிச்சதுனாலயா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும். புளிப்பு பீரில் என்ன வளரும், எது வளராது, ஒரு மடக்கு என்ன செய்யும், என்ன செய்யாது எல்லாம் தெரியும். பேசிப் பயனில்லை என்று தோன்றியது. டம்ளர் கேட்டு வாங்கி, இருந்ததை ஊற்றி, அவர் பார்க்கக் குடித்தேன். முதல் மடக்கு தொண்டையைத் தாண்டும்போது, ஒருவேளை இதனாலேயே இருந்தால் என்று ஒரு நொடி நினைத்தேன். படித்த படிப்பு அந்த ஒரு நொடிக்கு உதவவில்லை.

டீச்சர் என் முகத்தையே பார்த்தார். எப்படி இருக்கிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "காலையில இருந்து வாரவுக எல்லாரும் எம்பிள்ளையப் பத்தி நல்லதாவே சொல்லுதாக. தாங்க முடியல. நீங்களாவது குறை இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். முதலில் பிச்சி, மூக்கிலேயே. கட்டிய பூ இல்லை, மொட்டு அவிழும் முன் இருக்கும் பச்சை வாசம். அதற்குப் பின்னால் காம்பருகே கொஞ்சம் காயாக இருக்கும் மாம்பழம். புளிப்பு நாக்கில் நிற்காமல் காதுக்குக் கீழே தாடையைப் பிடிக்கிறது, எச்சில் ஊறுகிறது, அடுத்த மடக்கு கேட்கிறது. இதுவரை சரி. ஆனால் முடிவு கெட்டிருக்கிறது. எலுமிச்சைத் தோலை வெள்ளையோடு சீவிப் போட்டிருக்கிறார். அந்த வெள்ளை கசக்கிறது. கடைசியில் வாசம் எல்லாவற்றையும் அந்தக் கசப்பு மூடிவிடுகிறது. அவசரப்பட்டிருக்கிறார்.

"வெள்ளையோடதான் சீவுவா" என்றார் டீச்சர். "சின்னப் பிள்ளையில இருந்து ஊறுகாய்க்குச் சீவச் சொன்னா அப்படித்தான். எத்தன அடி வாங்கிருக்கா." பிறகு, இன்னும் என்ன குறை என்று கேட்டார். வாசலில் மறுபடி கீர்த்தனை தொடங்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அடக்கம் முடிந்து கிளம்பும்போது டீச்சர், உங்கள் ஆட்களுக்கு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், இங்கே ஜூஸ் கம்பெனியாகவே இருக்கட்டும் என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். பியூலாவிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த அரை டம்ளர். அதில் எது சரி, எது தப்பு என்று இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்.

இனி செய்யப் போவது:

1. நாளைக் காலை ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறேன். தலைவலி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். நீங்களும் போய்ப் பாருங்கள்.

2. பச்சைப் பூ டேங்க் அறைக்குள் வராது. ஆலைக்கு வெளியே தனி அறை, தனி டேங்க், தனிக் குழாய் கேட்டிருக்கிறேன். கிடைக்கும் வரை தினமும் கேட்பேன்.

3. கிடைத்ததும் இந்த பீரைச் செய்வேன். தோலை வெள்ளை படாமல் சீவுவேன். குடித்துப் பார்க்க வருகிறவர்கள் குறையோடு வாருங்கள்.

4. அடுத்த மாதம் சங்கரன்கோவிலுக்குப் போவேன். போனில் டீச்சர் இதுவரை மூன்று தடவை அதே கேள்வியைக் கேட்டுவிட்டார், நல்லாத் தெரியுமா என்று. ஸ்கேன் பார்த்த மருத்துவரையும் டீச்சரை எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் தெரியும் என்று சொல்வேன்.