அவள் தலைமேல் நான் வைத்த வேண்டுதல்

என் மகளுக்கு ஏழு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. அரக்கோணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இன்னும் ஒரு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். நான் வாசலுக்கு வந்து, திருத்தணி மலை இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று உத்தேசமாக ஒரு திசையைப் பார்த்துக் கையெடுத்தேன். பிள்ளை பிழைத்தால் அவளுக்கு மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டுவது பெற்றவர்கள், முடி பிள்ளையுடையது.

பிழைத்தாள். அந்த வருடம் பள்ளி ஆண்டுவிழா நடனம் என்று தள்ளிப்போட்டோம். பிறகு வயதுக்கு வந்தாள், பத்தாவது பரீட்சை, கல்லூரி. மூன்று இடத்தில் கத்தரியால் நறுக்கிப் பூமுடி கொடுத்தால் போதும் என்று என் மனைவி பலமுறை சொன்னாள். சாமியிடம் சொன்னால் சொன்னதுதான் என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர நானும் அவசரப்படவில்லை. பிள்ளை வீட்டில் இருந்தவரை மாதக்கணக்கில் அந்த நினைப்பே வராது.

அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் திருத்தணியில் எங்கள் வீட்டிலிருந்தே ரயிலில் போய்வந்தாள். விடிந்ததும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஸ்டேஷனில் விடுவேன். சாயங்காலம் அலுவலகம் முடிந்து நேராக அங்கே போய் நிற்பேன். அவள் இளைத்துப்போனாள், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கி என் முதுகில் முட்டுவாள். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை. ஆறாவது மாத முடிவில், இரண்டு தோழிகளோடு அம்பத்தூரில் அறை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

அதன்பிறகு காலை ரயில் நேரத்துக்கு ஒருமுறை, மாலை ரயில் நேரத்துக்கு ஒருமுறை போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசலாம் என்றாள். "தெனம் சாப்டியா சாப்டியான்னு கேட்டா நான் இன்னா சொல்றது நைனா?" சரி என்றேன். புதன்கிழமை மறுபடி கூப்பிட்டேன். வேண்டுதல் நினைவுக்கு வந்தது என்றேன்.

சாமி விஷயம் என்றால் அவளால் போனை உடனே வைக்க முடியாது. அதை அன்றைக்குக் கண்டுபிடித்தேன். பிறகு விடவில்லை. வண்டியிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாள், வேண்டுதல் என்றேன். பேசி முடித்த சம்பந்தம் ஒன்று தவறிப்போனது, வேண்டுதல் என்றேன். சளி பிடித்தாலும் அதைத்தான் சொன்னேன். ஒருமுறை அவள் நிதானமாகச் சொன்னாள்: "வேண்டிகினது நீ. முடி என்னுது."

போன வருடம் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு கட்டி இருந்தது. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். மகள் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். துடைத்தாள், ஊட்டினாள், என்னைப் பார்த்து அளவாகப் பேசினாள். மூன்றாம் நாள், நாளை மறுநாள் கிளம்புவதாகச் சொன்னாள். வார்டுக்கு வெளியே நின்றிருந்தோம். பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா இப்டி படுத்துகினு இருக்கறதுக்குக் காரணம் உன் தலையிலதான் இருக்குது" என்றேன்.

அவள் ஊற்றி முடித்தாள். மூடியை இறுக்கித் திருகினாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த நேரத்தில் எனக்குத் திருப்தியாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு நான் சொன்ன ஒன்று அவளுக்குள் போயிருந்தது. காபியைச் சூடாகவே குடித்தேன்.

சொன்னபடி அம்பத்தூருக்குப் போனாள். மனைவியை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அடுத்த ஞாயிறு காலை, நான் கூப்பிடுவதற்கு முன்பே போன் வந்தது. "மலைக்கு வா நைனா. மொட்டை போடற எடத்துல இருக்கேன்." முதல் ரயிலில் வந்திருக்கிறாள். வீட்டுக்கு வராமல் நேராக மேலே போயிருக்கிறாள்.

நான் போனபோது பலகையில் உட்கார்ந்து, தலையை நனைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். பூமுடியா என்று கேட்டார் முடி எடுப்பவர். மொட்டை என்றாள். யார் வேண்டுதல் என்று கேட்டார். அவள் திரும்பாமல் கட்டைவிரலால் என்னைக் காட்டினாள்.

"அப்ப சாருக்கும் சேத்துப் போட்டுடலாமா?" என்று அவர் சிரித்தார். நாளெல்லாம் எத்தனையோ பேரிடம் சொல்லும் வேடிக்கைதான் அது.

மகள் சிரிக்கவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த பலகையைப் பார்த்தாள். "உக்காரு நைனா" என்றாள்.

இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் பிழைக்க வேண்டும் என்று கேட்டவன் நான். பிழைத்ததில் சந்தோஷப்பட்டவனும் நான். என் தலையிலும் முடி இருந்தது.

"நாளைக்கு ஆபீஸ் போகணும்மா" என்றேன்.

இந்த ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்திலேயே எப்போதும் ஒருவராவது அப்படி உட்கார்ந்திருப்பார். அவளுக்கும் அது தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, "நீங்க எடுங்க அண்ணா" என்றாள்.

கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. முடி ஈரமாக அவள் மடியில் விழுந்தது. இடது காதுக்கு மேலே ஒரு தழும்பு தெரிந்தது. எப்போது பட்டது, எப்படிப் பட்டது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் முடியவில்லை.

குளித்துவிட்டு வந்து சந்தனம் பூசிக்கொண்டாள். சாமியைப் பார்த்தோம். வெளியே வந்ததும் சொன்னாள்: "முடிஞ்சிது. இனிமே என் பேர்ல எங்கயும் எதுவும் வேண்டிக்காத." வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன். இந்தத் தலையோடு அம்மா பார்க்க வேண்டாம், அழுவாள் என்றாள். படிக்கட்டில் இறங்கிப் போனாள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு கீழே வருவதற்குள் அவளைக் காணவில்லை.

மறுநாள் மனைவியின் பரிசோதனை முடிவை வாங்கப் போனேன். சாதாரணக் கட்டிதான், பயம் இல்லை. வராந்தாவிலேயே நின்று அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறைதான் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் தலையில் கத்தி படுவதற்கு இரண்டு நாள் முன்பு.

சாயங்காலம் மகள் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் அதில்தான் கூப்பிடுகிறாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றும் இல்லையாம் பாப்பா என்று அழுதாள். மகளும் அழுவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "நைனா இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள்.

தாள் என் கையில்தான் இருந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாக என்னோடு குடித்தனம் செய்பவள், எனக்காக அவளே பதில் சொன்னாள்.

"முருகன் காப்பாத்திட்டான்னு சொல்றார்."

நான் தேதி உள்ளே மறையும்படி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.