வேலை பறிக்கப்பட்ட மருத்துவிச்சி நபீஸா ராத்தா

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக் தொடங்கும் வேளை. நபீஸா ராத்தாவின் தம்பி சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றார். கர்ப்பிணிப் பெண்கள் வாங்குகளில் அமர்ந்திருந்ததால் உள்ளே வரக் கூச்சப்பட்டார். நான் எழுந்து போனேன்.

“ராத்தா விடியச் சுபஹோட மவுத்தாப் போயிட்டா, மிஸ்ஸி. பகல் ளுஹர்த் தொழுகைக்கு முந்தி அடக்கிறம். ரோட்டு நெலம தெரியுந்தானே. வாறதெண்டா இப்பவே வெளிக்கிடுங்க.”

யுத்தத்தால் போட்டிருந்த ஊரடங்கை முதல்நாள்தான் தளர்த்தியிருந்தார்கள். நான் பெரியநீலாவணைக்காரி, அவர் கல்முனை. சிறிது நேர பஸ் பயணம்தான். ஆனால் இந்த நாட்களில் அந்தத் தூரம் போவதற்கு ஆண்களே யோசிக்கிறார்கள். அடையாள அட்டை கைப்பையில் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். நபீஸா ராத்தா அரசாங்க மருத்துவிச்சி. நானும் மருத்துவிச்சிதான். எங்கள் இருவருடைய பிரிவுகளும் அடுத்தடுத்து இருந்தன. என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால், அக்கா என்ற பொருளில் ஊரார் அழைப்பதைப் போல நானும் ‘ராத்தா’ என்றே அழைத்தேன். மெலிந்த உடம்பு, உரத்த குரல். தையற்கடை வைத்திருந்த அவருடைய கணவர், “இவ மெதுவாக் கதைச்சா எனக்குப் பயம், என்னமோ நடந்திரிக்கி எண்டு வெளங்கிரும்” என்று பகிடியாகச் சொல்வார்.

எழுபத்தெட்டுப் புயல் எங்கள் கரையைப் புரட்டிப் போட்ட பிறகுதான் அவரை நான் நன்றாக அறிந்தேன். கூரையில்லாத வீடுகளில் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தன. தாய்மாருக்கென்று வந்த பால்மா ஏதோவொரு களஞ்சியத்தில் பூட்டிக் கிடந்தது. ராத்தா, நடக்கக்கூடிய கர்ப்பிணிகளை அழைத்துக்கொண்டு அதற்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனார். நானும் கூடப் போனேன். “அடுத்த கிழமை வாங்க” என்றார் அந்த அதிகாரி.

நிறைமாதத்தில் இருந்த ஒருத்தியை ராத்தா முன்னே கொண்டுவந்தார். “ஐயா, இவட வயித்தில இரிக்கிறதுக்கிட்ட நீங்களே செல்லுங்க, அடுத்த கிழமை வரச் செல்லி.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. மறுநாள் பால்மா வந்தது. ஆனால் முதல்நாள் திரும்பி வரும் வழியில், “இந்தாள் என்ட வேலயப் பறிச்சிருவானோ, புஷ்பம்?” என்று ராத்தா என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அவர் பயமற்றவர் என்று பின்னாளில் பலர் பேசினார்கள். அது சரியல்ல.

அடுத்த ஆண்டு கூப்பனுக்குக் கிடைத்த அரிசி நின்று உணவு முத்திரை வந்தது. மாவும் பாணும் மண்ணெண்ணெயும் விலை ஏறின. முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. நிறை பார்க்கும்போது பிள்ளைகள் மெலிந்திருந்தன. எண்பதாம் ஆண்டு யூலையில் சம்பள உயர்வு கேட்டு நாடெங்கும் அரச ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நான் அப்போது பிரசவ லீவில் இருந்தேன். என் மகளைப் பார்க்க வந்த ராத்தா, தொட்டிலுக்குப் பக்கத்தில் அமர்ந்து மெதுவாகப் பேசினார்.

“நானும் எறங்கப் போறன், புஷ்பம். ஆனா பிள்ளப்பேறெண்டு ஆரும் கூப்பிட்டா போவன். அதுக்கு ஸ்ட்ரைக் இல்ல.”

“வேலய எடுத்துப் போட்டாங்களெண்டா ராத்தா?”

“எடுத்தாலும் எடுப்பாங்க. அதுக்காக, குடுக்கிற சம்பளம் காணும், போதும் எண்டு சும்மா இரிக்க ஏலுமா?”

கல்முனைக் கடைத்தெருவில் சிறிய ஊர்வலம் ஒன்று போனது. அதில் நடந்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம்; ராத்தா முக்காட்டை இறுக்கிக்கொண்டு நடுவில் நடந்தாராம். அன்றிரவே வானொலி அறிவித்தது: வேலைக்குத் திரும்பாதவர்கள் பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவார்கள். சிலர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துத் திரும்பினார்கள். அவர்களை ராத்தா ஒருநாளும் ஏசியதில்லை. ஆனால் தான் கொடுக்கவில்லை. “பசிக்கிது எண்டு செல்றது குத்தமா? மன்னிப்புக் கேக்க நாம என்ன களவெடுத்தமா?” என்றார். வேலை போனது. உத்தியோகப் பையையும் வாங்கிக்கொண்டார்கள்.

அவருடைய பிரிவுக்கு வேறொருவரைப் போட்டார்கள். ஆனால் நாவிதன்வெளிப் பக்கத்து வயற்கிராமங்களில் மருத்துவிச்சியில்லாமல் வெற்றிடமாயிருந்த பிரிவு அப்படியே கிடந்தது. அங்கிருந்து ட்ராக்டரில் வந்து ராத்தாவைத்தான் கூப்பிட்டார்கள். பதவியில்லாதவர் பிரசவம் பார்த்தால் வழக்கு வரும் என்று மேலிடத்திலிருந்து எச்சரித்திருந்தார்கள். ட்ராக்டர்ச் சத்தம் கேட்டாலே அவருடைய கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவியின் முகத்தைப் பார்ப்பாராம். தடுத்ததில்லை.

அறுவடைக் காலத்தில் ஒருநாள், நான் ஒரு தாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் நின்றேன். ட்ராக்டர்ப் பெட்டியில், நெல்மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண்ணை மடியில் தாங்கியபடி ராத்தா வந்தார். பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. இரத்தம் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரி வாசல் கேற்றடியில் அந்தப் பெண்ணின் புருஷன் கெஞ்சினான்: “மிஸ்ஸி, நீங்க இவடத்தில எறங்கிப் போயிருங்க. ஊட்டில தானாப் பொறந்த எண்டு நாங்க செல்லிக்கிறம்.”

ராத்தா இறங்கவில்லை. உள்ளே டொக்டர் கேட்டார்: “பிரசவம் பார்த்தது யார்?”

புருஷன் ராத்தாவை மறைத்தபடி முன்னே வந்தான்.

“நான்தான் ஐயா” என்றார் ராத்தா. “எப்ப பொறந்த, எவ்வளவு ரத்தம் போன எண்டு எனக்குத்தான் தெரியும். பொய் செல்லி இந்தப் புள்ளயச் சாவ உட ஏலா.”

அவர் சொன்ன விவரங்களை வைத்து டொக்டர் உடனே வேலையைத் தொடங்கினார். பின்னேரம் அந்தப் பெண் கண்விழித்தாள். கிழமை முடிவதற்குள் ராத்தாவைப் பொலிஸுக்கு அழைத்தார்கள்.

துணைக்கு நான் போனேன். நாங்கள் போய்ச் சேருமுன் செய்தி பரவிவிட்டிருந்தது. நிலையத்துக்கு எதிரே வாகை மர நிழலில், ராத்தா பிரசவம் பார்த்த பெண்கள் கைக்குழந்தைகளோடு அமர்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அழுத சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்ட கேள்விகளை ஒரு பொலிஸ்காரர் தமிழில் சொன்னார்.

“வேலையில்லாத நீங்க ஏன் போனீங்க?”

ராத்தா எழுதுகிறவரின் பக்கம் திரும்பினார். “எனக்கு வேல இல்ல எண்டு அரசாங்கம் செல்லுது. செரி. அப்ப அந்த வயல்வெளிக்கி ஒரு மருத்துவிச்சிய அனுப்பாம இருந்த ஆரு? அதையும் அதில எழுதுங்க. எழுதினாத்தான் கையெழுத்து வெப்பன்.”

வெகுநேரம் அவர்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் எழுதினார்கள்.

வழக்கு வரும், சிறை வரும் என்று அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் சரியான நித்திரையில்லை. வழக்கு வரவில்லை. வயற்கிராமங்களுக்குப் புதிய மருத்துவிச்சி ஒருவர் வந்தார். அந்தச் செய்தியை நான்தான் ராத்தாவிடம் கொண்டுபோனேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு முக்காட்டின் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷமா, கவலையா என்று நான் கேட்கவில்லை.

அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை. ஊருக்கு வந்த ஒவ்வொரு அமைச்சரின் கூட்டத்திலும் எழுந்து நின்று, தன்னையும் தன்னைப் போன்றவர்களையும் பற்றிக் கேட்டார். பார்ப்போம் என்றார்கள். காலம் மாறியது. யுத்தம் வந்தது, துவக்கும் குண்டும் வந்தன. கேள்வி கேட்டவர்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். சென்ற நோன்புப் பெருநாளன்று, இனிப் போதும் ராத்தா என்று அவரிடம் சொன்னேன். சீனி வருத்தம் என்னும் நீரிழிவால் கால் வீங்கி, பாயில் கிடந்தார்.

“ஓம் புஷ்பம், பயந்தான்” என்றார். “பயத்தோடயே கேப்பம். பொறகு என்ன செய்ற?”

ஜனாஸா வீட்டில் பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். வெள்ளைத் துணிக்குள் அந்த முகம் மிகச் சிறியதாக இருந்தது. ஆண்கள் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். நாங்கள் ஒழுங்கை முனைவரை வந்து நின்றோம். சந்தியில் சோதனைச் சாவடியில் அவர்களை மறித்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோள் மாற்றித் தோள் மாற்றி, சந்தூக்கைக் கீழே வைக்காமல் நின்றார்கள். கடைசியில் சிப்பாய் ஒருவன் கையசைத்தான். ஆண்கள் ஓட்டமும் நடையுமாக, அடக்கஸ்தலம் இருந்த கடற்கரைப் பக்கம் திரும்பி மறைந்தார்கள்.

உங்கள் மார்க்கத்தில் எந்தச் சொல்லால் வழியனுப்புவார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது, ராத்தா. உங்களை இனி யாரும் மறிக்க முடியாது. ஆறுதலாகப் போங்கள். நாங்கள் இன்னும் இந்த ரோட்டில்தான் நிற்கிறோம்.