கேம் பெட்டியும் நடுச்சுவரும்

பெரியவளே, சின்னவனே, கேம் பெட்டி வாங்கப் பதுளைக்குப் போய் நான் வெறுங்கையோடு திரும்பிய அந்தச் சனிக்கிழமை உங்களிடம் மூன்று காரணம் சொன்னேன். பொத்தான் எல்லாம் ஆடுகிறது, பெட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், கண் கெட்டுப்போகும் என்றேன். சின்னவன் நீ அழுவாய் என்று பார்த்தேன், அழவில்லை. பெரியவள் நீ "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு, என்னிடம் கொடுத்தனுப்பிய கேள்வித்தாளைத் திருப்பி வாங்கினாய். கடையில் நின்றபடி ஏழு கேள்விக்கும் நான் பதில் எழுதியிருந்தேன். எல்லாம் நல்ல பதில். நீ அதை இரண்டு தடவை வாசித்ததை நான் கண்டேன். நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

அந்தச் சாமானைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, போன் கவர்கள் மாலை மாலையாகத் தொங்குகிற சின்னக் கடை. சோற்றுப் பெட்டி மூடி அளவில்தான் அது இருந்தது. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான், கட்டைவிரலால் உருட்டுகிற குமிழ் இரண்டு. போனில் ஓடுகிற அதே ஆண்ட்ராய்டுதான் உள்ளேயும். கடைக்காரப் பையன் எடுத்து என் கையில் வைத்தான்.

"எத்தனை கேம் இருக்கு தம்பி?"

"பத்தாயிரம் இருக்கண்ணே."

நான் தாளைப் பார்த்தேன். "ஒரே கேமை பத்துப் பேருல போட்டுட்டு பத்தாயிரம்னு சொல்லுவாங்கன்னு எம்மக எழுதியிருக்கா."

அவன் சிரித்துவிட்டான். "ஒங்க மகளை மட்டும் இங்க கூட்டிட்டு வந்துராதீங்கண்ணே. யாவாரம் படுத்துரும்."

அதற்குப் பிறகு அவன் மறைக்காமல் பேசினான். பெரிய கேம் எல்லாம் இழுத்து இழுத்துத்தான் ஓடுமாம். சின்னக் கேம்கள் தடையில்லாமல் ஓடும். ஒரு மணி நேரம் விளையாடினால் பின்பக்கம் கொஞ்சம் சுடும். வேண்டிய கேமை போனில் மாதிரியே இறக்கிக்கொள்ளலாம். குமிழை விட்டால் நேராக நடுவுக்கு வருகிறதா என்று நீ பார்க்கச் சொல்லியிருந்தாய். பார்த்தேன், வந்தது. பொத்தான் ஒன்றுகூட ஆடவில்லை. விலை என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அம்மாவும் நானும் அதற்கு முன்பே பேசி ஒத்துக்கொண்ட விலைதான் அது.

தாளில் இல்லாத ஒன்றை நான் கேட்டேன்.

"சத்தம் எவ்வளவு வரும்?"

நான் சத்தம் கூட வேண்டும் என்று கேட்பதாக அவன் நினைத்துவிட்டான். "பின் சீட்டுல வச்சா டிரைவருக்குக் கேக்கும்" என்று ஒரு கேமைத் திறந்து, சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டான்.

அந்தக் கோழிக்குஞ்சு கேம். குஞ்சு படி ஏறும்போது டிங், டிங், டிங் என்று மூன்று மணி. தவறி விழும்போது பந்தில் காற்றுப் போவது மாதிரி நீளமாக ஒரு சத்தம். உங்களுக்குத் தெரியும், பக்கத்துக் காம்பரா அத்தையின் மகள் அக்காவின் போனில் இருந்த கேம். மூன்று பேரும் வாசல் இஸ்தோப்பில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து, உன் முறை என் முறை என்று சண்டை பிடிப்பீர்களே.

நான் சாமானைக் கண்ணாடி மேலே வைத்துவிட்டேன்.

"ஏன்ணே, புடிக்கலையா?"

"பொறகு வாறேன்" என்று இறங்கி வந்துவிட்டேன். நேராக மடுல்சீமை பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

இனிச் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன். நாளைக்கு நீங்கள் வேறு மாதிரி வீட்டில் இருப்பீர்கள், மறந்துபோகும். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். நமக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அதுவும் கூரைவரை போகாது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே திறந்துதான் கிடக்கும். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அதனால் நம் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. சுவரில் ஒரு தட்டுத் தட்டினால், சத்தத்தைக் குறை. இரண்டு தட்டுத் தட்டினால், இங்கே வாங்க. கறி கொடுப்பதற்கும் இரண்டு தட்டு, பாம்பு வந்தாலும் இரண்டு தட்டு. கேட்டவர் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போவார். ஏன் என்று சுவருக்கு மேலால் கேட்பதுகூடக் கிடையாது.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வருஷத்துக்கும் முந்தி ஒரு நாள், நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். அம்மாவும் அத்தையும் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்க. அத்தையின் வீட்டுக்காரர் எப்போதும் போலக் கொழும்பில். எனக்கு பெக்டரியில் ராத்திரி வேலை என்பதால் பகலில் படுத்திருந்தேன். முழு லயத்திலும் அந்த நேரம் இருந்தது நானும் அத்தையின் அந்தப் பிள்ளையும்தான் என்று நினைக்கிறேன். காய்ச்சல் என்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அது எனக்குத் தெரியும். காலையில் அத்தை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், "மாமா இருக்காங்கல்ல, ஏதாச்சும்னா தட்டு" என்று. சுவருக்கு இந்தப் பக்கம் அது எனக்கும் கேட்டது.

படுத்துக்கொண்டே அவள் கோழிக்குஞ்சு கேம் விளையாடினாள். ஏறும், விழும், திரும்ப ஏறும். எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தோடு எழும்பி உட்கார்ந்து, விரல் முட்டியால் சுவரில் ஒரு தட்டுத் தட்டினேன். பலமாகவே தட்டினேன். சத்தம் உடனே நின்றது. அந்தக் குஞ்சு விழுந்து முடிக்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரம் போயிருக்கும். கண் சொருகுகிற நேரம், சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. மெதுவாக. ஒன்று. பிறகு இன்னொன்று.

இரண்டு தட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழும்பவில்லை. சும்மா படுத்திருக்க முடியாமல் தட்டுகிறாள், பத்து நிமிஷம் கழித்துப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கம்பளியை இழுத்து மூடினேன். தூங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன். அதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடியற்காலை அவளை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நீங்கள் பார்த்ததுதான்.

நான் எழும்பிப் போயிருந்தாலும் அந்தக் காய்ச்சல் நின்றிருக்காது. அதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, நம்பவும் செய்கிறேன். ஆனால் அவள் எதற்குக் கூப்பிட்டாள்? தண்ணீருக்கா? குளிருக்கு இன்னொரு போர்வையா? பயந்துபோனாளா? சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கவா? இதற்குப் பதில் சொல்ல ஒரு ஆளும் இல்லை. பகலில் படுத்தால் கூரைத் தகரம் வெயிலுக்கு டக்கென்று அடிக்கும். ஒரு தடவை அடித்தால் படுத்தே இருப்பேன். இரண்டு தடவை அடித்தால் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். பெக்டரியில் ரோலர் சத்தத்துக்குள்ளும் எனக்கு அது கேட்கும், காதைச் சாய்த்து நின்றுவிடுவேன். "காதுல என்னா அண்ணே, ஈயா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் லயத்தில் எல்லா வீட்டிலும் டிவி பாடத் தொடங்கியது. நம் வீட்டில் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேலே அது வாய் அசைத்துப் படம் காட்டியது. உங்களையும் குசுகுசு என்றுதான் பேசவைத்தேன். அத்தையின் மனம் நோகக் கூடாது என்று நான் இப்படி இருப்பதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில், இந்தப் பக்கம் சத்தமாக இருந்தால் அந்தப் பக்கத்துத் தட்டு எனக்குக் கேட்காமல் போய்விடும் என்றுதான் பயந்தேன். அந்தப் பக்கம் தட்டுவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தும்.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாய, நீங்கள் குளிக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போனபோது சுவருக்கு மேலால் அத்தையின் குரல் வந்தது.

"தம்பி, புள்ளைங்களுக்கு அது என்னமோ வாங்கப் போனீங்களாமே."

"மட்டமான சாமான்க்கா. அதான் வந்துட்டேன்."

"மட்டமா? ஒங்க மக எங்கிட்ட தாளைக் காட்டிட்டா தம்பி. எல்லாம் நல்லாருக்குன்னுல்ல எழுதி வச்சிருக்கீங்க."

நான் கேத்தலை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

"எனக்காகத்தான வாங்கல?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது.

"அந்தக் கோழி சத்தம் கேட்டா அழுவேன்னுதான நெனைக்கிறீங்க. அழுவேன்தான். அழுதுட்டு சோறாக்குவேன். எந்நேரமும் குசுகுசுன்னு பேசிக்கிட்டு, அதுங்க என்ன திருட்டுக்கா போகுதுங்க? வாங்கிக் குடுங்க. சத்தம் கூடிப்போனா நானே தட்டுறேன், எனக்குக் கை இல்லையா?" அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "ஒங்க மனசு யாருக்கு வரும் தம்பி" என்றார்.

"சரிக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் இதை வாசிக்கும்போது சொல்லியிருப்பேனா தெரியாது. சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும், அத்தை இரண்டு தட்டுத் தட்டினால் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுங்கள். குஞ்சு விழுந்தால் விழட்டும்.

அடுத்த புதன்கிழமை ராத்திரி வேலை முடிந்து, தூங்காமல் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். கடைக்காரப் பையன் என்னை மறக்கவில்லை. "மக பாஸ் போட்டுட்டாங்களா அண்ணே?" என்றான். பாஸ் என்றேன். வாங்கத் தகுந்த சாமானா என்று உங்களை யாராவது கேட்டால், பெரிய கேமுக்கு ஆசைப்படாதவர்களுக்குத் தகும் என்று சொல்லுங்கள். அது என் தீர்ப்பு.

வீட்டுக்கு வந்தபோது பகல். நீங்கள் வர இன்னும் நேரம் இருந்தது. அம்மாவும் அத்தையும் மலையில். பெட்டியைப் பிரித்து சார்ஜில் போட்டேன். முதலில் திறப்பவர்கள் நீங்களாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நானே திறந்தேன், அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் படுத்திருந்த அதே இடத்தில், சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்து, கோழிக்குஞ்சு கேமைத் தேடி எடுத்தேன். சத்தத்தை முழுசாக வைத்தேன். எனக்கு விளையாடத் தெரியவில்லை. மூன்று படி ஏறி விழுந்தது. திரும்ப ஏறி விழுந்தது. லயம் முழுக்கக் கேட்டிருக்கும், ஆனால் லயத்தில் ஆள் இல்லை. ஒரு தட்டு வருமா என்று பார்த்தேன். தகரம்கூட அடிக்கவில்லை.

பிறகு அதை நிறுத்திவிட்டு எழும்பினேன். ஆறவைத்த சுடுதண்ணீர் கேத்தலில் இருந்தது. ஒரு கோப்பையில் ஊற்றி எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பரா வாசலுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே ரோட்டில் உங்கள் பள்ளிக்கூட பஸ் ஹோர்ன் கேட்டதும் அதை எடுத்துவந்து கழுவிக் கவிழ்த்தேன்.