தண்டவாளத்துக்கு முதல் கரண்டி

அடுப்பில் இறால் குழம்பு கொதிக்கக் கொதிக்க அகராதியைப் புரட்டியபோது ‘ப்ரீலிபேஷன்’ என்றொரு அபூர்வமான ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டது. முன்னதாகச் சுவைப்பது என்று பொருள், ஆனால் அதன் லத்தீன் வேரில் நாக்கில் துளி வைத்துப் பார்ப்பதும் தெய்வத்துக்குத் துளி ஊற்றுவதும் ஒன்றுதான் என்று படித்ததும் துள்ளி எழுந்துவிட்டேன். அம்மா தினமும் அதைத்தானே செய்தாள்!

பழவேற்காட்டு ஏரிக்கரையில், அப்பா படகேறும் விடியலில், அம்மா குழம்பின் முதல் கரண்டியை ஏரியில் ஊற்றிவிட்டு, ஒட்டிய துளியை உள்ளங்கையில் விட்டு நக்கி உப்புப் பார்ப்பாள். எழுபதுகளில் அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை கிடைத்து, பொன்னேரியில் ரயில் பாதையோரம் குடிசை போட்டோம். இன்று அந்தக் குடிசை வரிசையே இல்லை.

வேலைக்குப் போகும் முதல் நாள், புதுக் காக்கிச் சட்டையில் அப்பா பறக்கிறார், ஸ்டேஷனில் மணி அடித்துவிட்டது, அம்மாவோ கரண்டியோடு திகைத்து நிற்கிறாள். ஊற்றாமல் சுவைக்க மாட்டாள், சுவைக்காமல் தூக்குச்சட்டியில் ஊற்ற மாட்டாள். ஊற்ற ஏரி இல்லை.

திடீரென்று ஓடிப்போய்த் தண்டவாளத்தில் ஊற்றினாள். ஆவி பறந்தது.

“இன்னாமே, ரயிலுக்கா ஊத்துற?” என்று அப்பா கத்தினார்.

“இனிமே இதுதான உன்ன இட்டுக்கினு போயி, திரும்ப இட்டாரணும்!”

பிறகு உள்ளங்கையை நக்கிப் பார்த்து, தூக்கை நிரப்பி அவர் கையில் திணித்தாள்.

“உப்பு சரியாக் கீது. ஓடு!”