கெரிக் சாலையில் அம்மா வண்டியை நிறுத்தினாள்

போன வருடம் நம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. என் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு நிமிடத்தில் எனக்கு வலிப்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மலைச்சாலை. இடது பக்கம் பள்ளம். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கையைத் தூக்க முடியவில்லை. நான் விழுந்தால் அவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவேன்.

அந்த ஒரு நிமிடத்தில் அம்மா செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் நான் செய்த தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இது பாதி உண்மைதான்.

மலாக்காவில், செலண்டாரில் உள்ள நம் அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் தேவிகா. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அளவுக் கருவிகளைச் சோதித்து, அடுத்த சோதனை எப்போது என்று ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. வீட்டிலும் எனக்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும். என் கணவர் சரவணன் ஏர்கோன் மாட்டும் வேலை செய்கிறார். புக்கிட் பெருவாங்கில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

பதினைந்து வயதிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கேப்சூல் சாப்பிடுகிறேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதால் ஆறு வருடங்களாக ஒருமுறைகூட வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே இதை நானே அவரிடம் சொன்னேன். அவர், "எனக்குக் கொறட்ட இருக்குங்க. ஊரே எந்திரிக்கும். நீங்க சமாளிப்பீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

ஆறு வருடம் வலிப்பு வராமல் காத்ததற்கு அம்மாவுக்கு நன்றியாகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். இருபத்தொரு நாள் விரதம். மோட்டார் சைக்கிளில் தீபகற்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும் என்பது சரவணனின் பல வருட ஆசை. மேலே ஈப்போ, கெரிக். அங்கிருந்து மலையைத் தாண்டிக் கிளந்தான். பிறகு கிழக்குக் கடற்கரையோடு இறங்கி வீடு. எங்கள் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்த ஒரே வாரம் என் விரதத்துக்கு நடுவில் விழுந்தது. சைவச் சாப்பாடு எங்கேயும் கிடைக்கும், தரையில் எங்கேயும் படுக்கலாம் என்று கிளம்பத் தீர்மானித்தோம்.

விரதம் தொடங்குவதற்கு முதல் நாள், பால்குடம் எடுக்கும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'விரதம் இருப்பவர்கள் கவனிக்கவும். கேப்சூல் மருந்தின் கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்யப்படுகிறது.' அனுப்பியவர் அக்கறையோடுதான் அனுப்பினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மருந்துப் பெட்டியில் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். உண்மைதான், ஜெலட்டின் என்று போட்டிருந்தது.

காலையில் குளித்து, திருநீறு பூசி, அம்மா படத்துக்கு முன்னால் நின்று இதையா விழுங்கிக்கொண்டிருந்தேன்? பிறகு என் மூளை தன் வழக்கப்படி கணக்குப் போட்டது. ஆறு வருடமாக ஒன்றுமில்லை. இருபத்தொரு நாள்தானே. விரதத்தில் விடவேண்டியவை என்ற பட்டியலில், வெங்காயம், பூண்டு, காப்பி என்று எழுதியிருந்ததற்குக் கீழே, 'கேப்சூல்' என்றும் எழுதினேன்.

வேலை இடத்தில் ஒரு கருவியைச் சோதிக்காமல் ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் சண்டை போடுகிறவள் நான். டாக்டரைக் கேட்கவில்லை. மற்ற எல்லாப் பட்டியல்களையும் சரவணனிடம் காட்டினேன். அந்த ஒரு தாளை மட்டும் காட்டவில்லை.

பயணத்துக்கு முன் நாங்கள் ஒரு சைகை முறை வைத்துக்கொண்டோம். காற்றுச் சத்தத்தில் பேசினால் கேட்காது. தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு தட்டு, கழிவறை. மூன்று தட்டு, உடனே நிறுத்த வேண்டும்.

"கிச்சுகிச்சு மூட்டுனா?" என்று கேட்டார்.

"அதுக்கு விரதம் முடியணும்."

"அப்ப அதையும் பட்டியல்ல போடு. தேதியோட."

முதல் நாள் ஈப்போ. இரண்டாம் நாள் மாலை கெரிக் போய்ச் சேர்ந்தோம். சின்ன ஹோட்டல். விரதக்காரி கட்டிலில் படுக்கக்கூடாது என்று நான் தரையில் துணியை விரித்தேன். அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தார்.

"உங்களுக்கு என்ன விரதம்? மேல படுங்க."

"நீ கீழ, நான் மேல, ராஜாவா லா நான்? தள்ளிப் படு."

சிமெண்டுத் தரை குளிர்ந்தது. அவருடைய குறட்டை வேறு. எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. தூக்கக் குறைவும் வலிப்பை இழுத்து வரும் என்று எனக்குத் தெரியும். அதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் விரதத்தின் பதினோராம் நாள். காலை ஏழரைக்குக் கிளம்பினோம். கெரிக்கிலிருந்து ஜெலி வரை காட்டுக்கு நடுவே போகும் சாலை. பல இடங்களில் போன் வேலை செய்யாது. யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. பனி. அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக இருந்த காலைகள் குறைவு.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பால் பொங்கி அடுப்பில் கருகும் வாசனை வந்தது. காட்டுக்கு நடுவில் ஏது பால்? வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறியது. ஆறு வருடமாக மறந்திருந்த அந்த வாசனையை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். வலிப்புக்கு முன் எனக்கு எப்போதும் அதுதான் வரும்.

மூன்று தட்டு தட்ட வேண்டும் என்று தெரிந்தது. கை அவர் இடுப்புப் பக்கம் அப்படியே மரத்துக் கிடந்தது. அவர் பெயரைச் சொல்ல நினைத்தேன். நாக்கு அசையவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. வளைவுகளில் வண்டியைச் சாய்த்துச் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். என்னால் அவர் சாகப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பைவிடப் பயங்கரமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

எனக்கு மந்திரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வேண்டுதல் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. மனதுக்குள் கத்தினேன். "அம்மா, வண்டிய நிறுத்து. அம்மா, வண்டிய நிறுத்து."

வண்டி நின்றது.

வளைவைத் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி சிக்னல் விளக்குகளைப் போட்டுக்கொண்டு நின்றது. அவர் பிரேக் பிடித்தார். லாரிக்கு முன்னால், சாலையின் நடுவில், ஒரு யானை. பெரிய கொம்பன். காதை ஆட்டிக்கொண்டு நின்றது. எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது, "தேவி, அங்க பாரு, யானை!" என்ற அவருடைய குரல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர்தான் சொன்னார். பதில் வராததால் திரும்பியிருக்கிறார். என் ஹெல்மெட் அவர் முதுகில் இடித்திருக்கிறது. சரியும்போதே ஒரு கையால் பிடித்துவிட்டார். லாரி ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் குதித்து ஓடி வந்திருக்கிறார். இருவரும் என்னைச் சாலை ஓரத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.

கண் திறந்தபோது என் கையில் கனமாக ஏதோ இருந்தது. லாரிச் சாவிக்கொத்து. லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ராஜு அண்ணன், என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, சாவிய விடாத. இறுக்கிப் பிடி."

"அண்ணே, இரும்பு புடிச்சாலாம் வலிப்பு நிக்காதுண்ணே," என்றார் என் கணவர்.

"நிக்குதோ இல்லையோ, சாவி அது கையில இருந்தா நான் உங்கள விட்டுட்டு போவ முடியாதுல்ல? அதுக்குத்தான் குடுத்தேன்."

படுத்தபடியே சாலையைப் பார்த்தேன். யானை இன்னும் அங்கேயே நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகும் நின்றது. பிறகு ஒரு அவசரமும் இல்லாமல் காட்டுக்குள் இறங்கியது. ராஜு அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெற்றவளைக் கூப்பிட்டேன், அவள் தன் மூத்த பிள்ளையை அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

சரவணன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"காலையில மருந்து போட்டியா?"

"இல்ல."

"நேத்து?"

"பதினோரு நாளா போடல."

காரணத்தைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா விட மாட்டீங்க."

"ஆமா லா, விட மாட்டேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்." சாலையைத் திரும்பிப் பார்த்தார். "பின்னால நீ இருக்கன்னு நம்பித்தானே ஓட்டுறேன். நீ விழுந்திருந்தா, இந்தக் காத்துல எனக்குச் சத்தம்கூட கேட்டிருக்காதே தேவி."

கண்ணாடிக்குள்ளே அவர் அழுதுகொண்டிருந்தார். திருமணமாகி நான்கு வருடங்களில் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

என்னை மறுபடி வண்டியில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. ராஜு அண்ணன் லாரியில் ஏற்றிக்கொண்டார். சரவணன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். ஜெலி வரை நான் லாரியின் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பனிக்குள் ஒற்றை விளக்கு. வளைவில் மறையும், மறுபடி வரும். அது மறைந்த ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நின்றது. பின்னால் வருகிறவர் இருக்கிறாரா என்று தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் அறிந்துகொண்டேன்.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். மலாய்க்கார டாக்டர், ஏறக்குறைய என் வயதுப் பெண். நான் காரணத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எங்கள் ஆட்களும் நோன்பு மாதத்தில் இப்படிச் செய்வார்கள்," என்றார் மலாயில். "இதே மருந்து கூடு இல்லாமல் மாத்திரையாக இருக்கிறது. கேட்டிருந்தால் அன்றே மாற்றிக் கொடுத்திருப்பார்களே?"

ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

கிழக்குக் கடற்கரையை நாங்கள் பார்க்கவில்லை. ராஜு அண்ணனுக்குத் தெரிந்த ஒருவரின் காலி லாரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றி அனுப்பிவிட்டு, பஸ்ஸில் மலாக்காவுக்குத் திரும்பினோம். வழி முழுவதும் அவர் என் கையை விடவில்லை. எனக்குத்தான் வருத்தம் தாங்கவில்லை. அவருடைய பல வருட ஆசை பாதியில் நின்றுவிட்டது. அதைச் சொன்னதும், "ரோடு எங்க லா ஓடிப் போயிடும்?" என்றார்.

ஊருக்கு வந்ததும் கோயிலுக்குப் போனேன். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அவள் கேட்காத ஒன்றை, அவள் பெயரைச் சொல்லி, நானே கேட்டு நானே கொடுத்திருக்கிறேன். அவள் கொடுத்த ஆறு வருடத்துக்கு நன்றி சொல்லப் போய், அதைக் கொடுத்த மருந்தையே தூக்கி எறிந்திருக்கிறேன். நம் பூசாரித் தம்பியிடம், ஊசி போட்டதால் விரதம் முறிந்துவிட்டதா என்று கேட்டேன். "ஊசி போட்டா விரதம் போச்சுன்னு யாரு அக்கா சொன்னா? பேசாம வந்து கொடத்த எடுங்க," என்றார்.

திருவிழா அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால்குடம் எடுத்தேன். சரவணன் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஒரு துளி சிந்தவில்லை.

அந்தச் சாலையில் யானை நிற்பது புதிதா என்று என் வேலை இடத்தில் ஒருவர் கேட்டார். புதிதில்லை. பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த யானை எனக்காகப் பிறக்கவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் கூப்பிட்ட அந்த நிமிடத்தில் அது அங்கே நின்றது. அளந்து பார்ப்பது என் தொழில். இதை அளக்க என்னிடம் கருவி இல்லை. நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். கைகூப்பிச் சொல்கிறேன்.

இந்த வருடம் பால்குடத்துக்குப் பெயர் பதிவு செய்யும் விண்ணப்பப் பாரத்தை என்னிடம் தயாரிக்கச் சொன்னார்கள். அதில் 'தினமும் சாப்பிடும் மருந்து' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முதல் வாரமே நான்கு பெண்கள் வந்து காதோடு சொன்னார்கள். ஒருவர் சர்க்கரைக்கு, ஒருவர் இருதயத்துக்கு. நால்வருமே விரதத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தார்களாம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

சகோதரிகளே, தயவுசெய்து அந்த வரியைக் காலியாக விடாதீர்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் என்னைத் தேடி வாருங்கள், வெள்ளிக்கிழமைகளில் மடப்பள்ளியில் இருப்பேன். டாக்டரிடம் போகப் பயமாக இருந்தால் நானும் கூட வருகிறேன். அம்மாவை நம்புங்கள், நாக்கு அசையாதபோதும் அவளுக்குக் கேட்கும். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு அப்படிக் கேட்காது. இன்று வீட்டுக்குப் போனதும் அவரை உட்காரவைத்து, வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.