வியன்னாவில் கழிந்த என் லீவு

நீங்கள் பொய் சொன்னீர்கள் அக்கா. வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. என் தோளில் கை வைத்து, என் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்.

படிக்கிறவர்களுக்கு விளக்கிவிடுகிறேன். இந்த அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. துபாயில் நான் வேலை செய்த வீட்டின் மேடம். தமிழ்நாட்டுக்காரர், திருச்சிப் பக்கம். நான் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வேலைக்குப் போன முதல் நாளே, "மேடம்னு கூப்பிடாத, அக்கான்னு கூப்பிடு. நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்றார். அரபி வீடுகளைப் பற்றி ஏஜென்சிக்காரன் சொன்ன கதைகளைக் கேட்டுப் பயந்து வந்தவள் நான். தமிழ் வீடு கிடைத்ததே என்று அன்றைக்குக் குளியலறையில் நின்று அழுதேன். சந்தோஷ அழுகை. இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அந்த வீட்டில் அக்கா, சார், இரட்டைப் பெண் பிள்ளைகள். பிள்ளைகளை நான் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தேன். ஊரில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளை வளர்த்தது என் தங்கச்சி. கணவர் எங்களை விட்டுப் போய் வெகு காலம் ஆகிறது, அவரைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

எனக்கு இரண்டு வருடம் முடிகிற நேரத்தில் மகள் பெரியவளானாள். தங்கச்சி போனில் சொன்னாள். வீட்டோடு தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், ஆனால் பெரிய சடங்கை எனக்காக நிறுத்தி வைத்தார்கள். நான் லீவில் வந்ததும் கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் வைப்பதாக முடிவு. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் எங்கள் பக்கம் சடங்கு இல்லாமல் பெண் பிள்ளையை விடமாட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூட ஹாலை எடுத்தார்கள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லியும் விட்டார்கள். மகள் போனில் கேட்டாள்.

"அம்மா, நீங்க கட்டாயம் வருவீங்க தானே?"

வருவேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அக்காவிடம் சொன்னபோது என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் தான் பெரியம்மா முறை என்றார். அந்த வாரமே மீனா பஜாருக்குக் கூட்டிப் போய் மாம்பழ நிறத்தில் பட்டுப் பாவாடை தாவணி எடுத்தார். பிறகு வண்டியில் வரும்போது டூர் பற்றிச் சொன்னார். டிசம்பரில் குடும்பமாக வியன்னா போகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த ஊர் அவ்வளவு அழகாக இருக்குமாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்க முடியாது, நீயும் வா என்றார். நான் என் லீவைக் கேட்டேன். அப்போதுதான் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"வியன்னாலேந்து வந்த மறுநாளே நீ கொழும்புக்கு ஃபிளைட் ஏறு. உன் பொண்ணு சடங்குக்கு நீ இல்லாம எப்படி? நான் பொறுப்பு."

கல்ஃபில் வீட்டு வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் ஒரு விஷயம் தெரியும். முதலில் லீவு, பிறகுதான் விசா புதுப்பிப்பது. டிக்கெட் கைக்கு வராமல் அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் போனால் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே இதுதான். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐரோப்பா விசா வேண்டுமென்றால் துபாய் விசா இன்னும் பல மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும், என்னுடையது முடியப் போகிறது, அதனால் உடனே புதுப்பிக்க வேண்டும் என்று சார் விளக்கினார். அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். மேடம் என்று கூப்பிட்டிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

வியன்னாவில் இறங்கியதும் அக்கா முதலில் கேட்டது பனி எங்கே என்று. பனி இல்லை. மழைதான் தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குச் சிவப்பில் பனி உடுப்பு, அக்காவுக்கு வெள்ளைக் கோட்டு, எல்லாம் பனியில் படம் எடுப்பதற்காக வாங்கியது. சார் தினமும் போனில் வானிலை பார்த்து, நாளைக்கு விழும் நாளைக்கு விழும் என்று சமாதானம் சொன்னார். நாங்கள் இருந்த வரைக்கும் விழவில்லை.

குளிர் எனக்குப் புதிது இல்லை. தோட்டத்தில் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வரும், அதில் வளர்ந்தவள் நான். பனி மூட்டத்தைக் காட்டி, "உன் ஜென்மத்துல இப்படிப் பார்த்திருப்பியா" என்று அக்கா கேட்டபோது பிள்ளைகளின் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டேன். என் பிரச்சினை சப்பாத்து. துபாய்க்கு வாங்கிய துணிச் சப்பாத்து, கருங்கல் தெருவில் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். பாண், அதாவது ரொட்டி, சுற்றி வரும் பிளாஸ்டிக் பையைக் காலுறைக்கு மேல் மாட்டிக்கொண்டு நடந்தேன். இரட்டைப் பிள்ளைகளின் தள்ளுவண்டி அந்தக் கற்களில் இரண்டடிக்கு ஒரு முறை மாட்டும். டிராமில் ஏற்றும்போது சார் முன்னால் ஏறி இடம் பிடிப்பார், அக்கா படம் எடுப்பார், வண்டியை நான் தூக்குவேன்.

ஊர் அழகில்லை என்று சொல்லமாட்டேன். தெருவுக்குத் தெரு விளக்குச் சரம் தொங்கியது. சுட்ட கஷ்கொட்டை வாசம் வந்தது. மரக் கடைகளில் கண்ணாடிக் குண்டுகளும் குடில் பொம்மைகளும் விற்றார்கள். பெரிய சர்ச்சுக்குள் போனபோது கூரையின் உயரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். எங்கள் கூட்டத்தில் ஜெபம் செய்ய வேண்டும் என்று நினைத்தவள் நான் ஒருத்திதான். ஆனால் நின்ற இடத்தில் அக்காவைப் படம் எடுக்கச் சொன்னார்கள். கூரை முழுக்க வர வேண்டும், பின்னால் நிற்கும் சீனாக்காரர்கள் வரக் கூடாது. எடுத்து எடுத்துக் காட்டினேன். கடைசியில் சரியாக ஒன்று வந்ததும், போகலாம் என்றார்கள். மகளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற நினைத்தேன். அதற்குள் பிள்ளைகள் இரண்டும் அழ ஆரம்பித்துவிட்டன. "ஆன்ட்டி, அப்! ஆன்ட்டி, அப்!" இரண்டையும் இரண்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தங்கியது ஒரு வாடகை வீடு. அவர்களுக்கு ஒரு அறை, எனக்குச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போடுகிற சோபா. துபாயிலிருந்தே குக்கரும் இட்லித் தட்டும் இட்லி மிக்ஸும் அரிசியும் பருப்பும் ஒரு பெட்டி நிறையக் கொண்டு போயிருந்தோம். சாருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் காலையில் இட்லி, அதற்கு மேல் மத்தியானத்துக்குப் புளிச்சோறு கட்டுவது, இரவு திரும்பி வந்து ரசம். ஒரு நாள் காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது கூரையில் இருந்த புகை மணி அலறியது. நிறுத்தத் தெரியாமல் நானும் சாரும் துண்டை வீசிக்கொண்டிருக்க, கீழ் வீட்டு அம்மாள் இருமிக்கொண்டே மேலே வந்துவிட்டார். அக்கா கதவைத் திறந்து இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். என்னைக் காட்டி, "திஸ் இஸ் அவர் மெய்ட்" என்றார்.

எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். தமிழில் தங்கச்சி, இங்கிலீஷில் மெய்ட். அந்த அம்மாள் போன பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவளுக்குச் சும்மா சொன்னேன்டி, நீ மூஞ்சியத் தூக்காத" என்றார். நான் ரசத்தை இறக்கி வைத்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய சந்தைக்குப் போனோம். மகளுக்கு ஒரு கண்ணாடிக் குண்டு வாங்கினேன். நீல நிறம், உள்ளே சின்னதாக ஒரு வீடு. உடையாமல் ஊருக்கு எப்படிக் கொண்டு போவது என்று யோசித்து, அக்காவிடம் கேட்டேன். நாளைக்குத் துபாய் போனால் மறுநாள் கொழும்பு டிக்கெட் எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் பெட்டி மாற்றிக் கட்ட நேரம் இருக்குமா என்று.

அக்கா சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை இறக்கவே இல்லை.

"எந்த டிக்கெட்?"

"ஊருக்குப் போற டிக்கெட் அக்கா. சடங்குக்கு."

"அதான் லீவுல வந்திருக்கியே. இது லீவு இல்லாம என்ன? யாரு அவங்க வீட்டு ஆள ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டு வர்றாங்க, சொல்லு."

நான் சாரைப் பார்த்தேன். நாட்டை விட்டு வெளியே போனாலே லீவுதான், தன் ஆபீஸிலும் அப்படித்தான் என்றார் அவர். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். "அந்த விஷயம் கலாஸ், முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரை ராட்டினம் காட்டப் போனார்.

"நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க தானே அக்கா" என்றேன்.

"சொன்னேன்தான். புத்தாண்டுக்கு இவரோட அம்மா அப்பா வர்றாங்க, உனக்குத் தெரியாதா? வீட்ட யாரு பாக்குறது? உன் தங்கச்சி இருக்காள்ல, அவ செய்யட்டும். பாவாடைய யார்கிட்டயாவது குடுத்தனுப்பலாம்."

விசா புதுப்பித்தாகிவிட்டது. பாஸ்போர்ட் சாரின் பையில் இருந்தது. வெளிநாட்டுச் சந்தையில் பிளாஸ்டிக் பை கட்டின காலோடு நின்றுகொண்டு நான் என்ன செய்ய முடியும்? கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும், கொடுத்துவிட்டு வா என்று என்னை வரிசைக்கு அனுப்பினார்கள். போய் நின்றேன்.

பாவாடையும் கண்ணாடிக் குண்டும் சர்ச்சில் பழகிய ஒரு பெண்ணோடு ஊருக்குப் போயின. சடங்கை நான் போனில் பார்த்தேன். சாரின் அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி போட்டுக்கொண்டே பார்த்தேன். மகள் கேமராவைப் பார்க்கவில்லை.

ஜனவரியில் துபாயில் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார்கள். மகளிர் நிகழ்ச்சியில் அக்கா பேசினார். வீட்டு வேலை செய்கிறவர்களையும் மனுஷராக நடத்த வேண்டும் என்று பேசினார். பின்னால் திரையில் வியன்னாப் படங்கள் ஓடின. அத்தனையும் நான் எடுத்தவை, ஒன்றிலும் நான் இல்லை. "எங்க வீட்டுத் தங்கச்சியை லீவுக்கு ஐரோப்பா கூட்டிட்டுப் போனோம். அவ பொண்ணு சடங்குக்குப் பட்டு எடுத்ததும் நான்தான்" என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கை தட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் மட்டும் என்னிடம் வரவில்லை.

அவர்கள் இந்தியா போன கோடையில்தான் எனக்கு லீவு கிடைத்தது. சடங்கு ஆல்பத்தை மகள் எடுத்துக் காட்டினாள். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் என் தங்கச்சி நின்றாள். அந்தப் பக்கங்களை மகள் வேகமாகப் புரட்டினாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். "நீங்க வெளிநாடு சுத்தப் போனீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள். தங்கச்சியை லீவுக்குக் கூட்டிப் போனோம் என்று எழுதி, அந்தப் படங்களையும் எனக்குப் பொன்னாடை போர்த்திய படத்தையும் அக்கா ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். தோட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறது. நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

போட்ட கையெழுத்துக்கு மிச்சக் காலத்தையும் வேலை செய்து முடித்துவிட்டு விலகினேன். இப்போது வேறொரு கல்ஃப் நாட்டில், மனாமா நகரத்தில், குதைபியா பக்கம் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறேன். மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என்னைத் தங்கச்சி என்று சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை லீவு என்றால் லீவு.

அக்கா, வருகிற பொங்கலுக்கும் நீங்கள் பேசுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். பேசுங்கள். ஆனால் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். வியன்னாவில் நான் லீவில் இருந்தேனா, வேலையில் இருந்தேனா? லீவு என்றால் உங்களுக்கு இட்லி அவித்தது யார்? வேலை என்றால் என் லீவு எங்கே? என்னிடம் போனில் சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பில் அழ வேண்டாம். எனக்குப் பொன்னாடை போர்த்திய அதே மேடையில், அதே மைக்கைப் பிடித்து, அன்றைக்குக் கை தட்டியவர்கள் முன்னால் சொல்லுங்கள். அந்த வீடியோவையும் ஃபேஸ்புக்கில் போடுங்கள். என் மகள் பார்க்க வேண்டும்.