ஒதுங்கு சார்

தெருவில் அவருக்கு 'ஒதுங்கு சார்' என்று பெயர். பதிவு அலுவலகத்தில் எழுத்தர். ஏதோ முகாமுக்குப் போனவர், ஆழ்நிலைச் சூழலியலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பூமி மனிதனுக்காக மட்டும் உண்டானதல்ல, புழு பூச்சிக்கும் நமக்குள்ள அதே உரிமை உண்டு, மனிதன்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சாரம். நல்ல பேச்சுதான். அவர் மனைவிக்கும் அதில் மறுப்பில்லை. ஒதுங்குவது யார் என்பதில்தான் சிக்கல்.

சமையலறையில் எறும்பு சாரிசாரியாகப் போனால், "ஒதுங்கு, அது அதுங்க பாதை" என்பார். அவள் கொதிக்கிற பாத்திரத்தோடு சுற்றிக்கொண்டு போவாள். குளியலறையில் சிலந்தி வலை கட்டினால் அவள் குனிந்து குளிப்பாள். அவர் மட்டும் கொசுவலைக்குள் நிம்மதியாகக் குறட்டை விடுவார்.

வாசலை ஒட்டிய அறையில் அவள் தையல் மெஷின் இருந்தது. அங்கே கரையான் வந்தது. கதவு நிலையில் மண்கோடு போட்டு, சுவரேறி, அலமாரியின் முதுகைத் துளைத்தது. ஊரார் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் அதற்குள்தான். ஒரு கல்லூரிப் பெண்ணின் பட்டமளிப்பு விழா உடை சல்லடையாகிப்போன அன்று, பூச்சிமருந்து அடிக்கிறவரை அவள் வரவழைத்தாள்.

ஒதுங்கு சார் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார். "கொலை பண்ண வந்தியா?"

"அக்கா, முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க. சாருக்குச் சொந்தக்காரங்க போலிருக்கு" என்று மருந்துக்காரர் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"துணி போச்சுன்னா யாருங்க எங்கிட்ட தைக்கக் குடுப்பாங்க? என் பொழப்பு இந்த ரூம்லதான இருக்கு?"

"நீ மெஷினைத் தூக்கிட்டு எங்க வேணா உக்காந்து தைக்கலாம். அதுங்க எங்க போகும்? கொஞ்சம் ஒதுங்கேன்."

அவள் ஒதுங்கினாள். அவர் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது படுக்கையறை ஜன்னலோரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மரக்கட்டில், கொசுவலை சகிதம், கரையான் அறைக்குக் குடிபோயிருந்தது.

"நான் அங்கயா படுக்கிறது?"

"உங்க ஆளுங்கதான? பேசிக்கிட்டே படுங்க."

கொள்கைக்காரர் அல்லவா, வீம்புக்கு அங்கேயே படுத்தார்.

காலையில் பெருக்கப் போன அவள் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். கட்டிலின் ஒவ்வொரு காலும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்குள் நின்றது. கிண்ணங்களில் கரையான் செத்து மிதந்தது.

"என்னங்க இது?"

"வேலி. அதுங்க அதுங்க இடத்துல, நான் என் இடத்துல."

"செத்துக் கிடக்குதே?"

"அதா... அதுங்களா வந்து விழுந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து ஓய்ந்த பிறகுதான் போனை எடுக்க முடிந்தது.

"தம்பி, பம்பை எடுத்துட்டு வாங்க. சார் ஆரம்பிச்சு வச்சிட்டாரு, நீங்க வந்து முடிச்சிடுங்க."